விளையும் பயிர் முளையிலே தெரியுமா?

ஆள் எடுக்கும் திருவிழா. ஆரூடம் சொல்லும் நிபுணர்கள். காத்துக் கிடக்கும் ரசிகர்கள்!

2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்காவில் உள்ள டெட்ராய்ட் நகரத்தின் நடுவீதியில் ஒரே கூட்டம். எள் விழ இடம் இல்லை!

3 நாட்களில் 7 லட்சத்து 75 ஆயிரம் பேர் அங்கே வந்து போனார்கள்.

என்ன விசேஷம்? கால்பந்துப் பந்தயமா?

இல்லை. அங்கே மைதானம் இல்லை. ஆட்டமும் இல்லை.

ஒரு மேடை இருந்தது. ஒருவர் மேடைக்கு வந்தார். கையில் இருந்த சீட்டைப் பார்த்து, ஒரு வாலிபரின் பெயரைப் படித்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. சிறிது நேரம் கழித்து இன்னொரு பெயர். மறுபடியும் ஆரவாரம்!

பெயர் படிப்பதைக் கேட்கவா இவ்வளவு கூட்டம்?

ஆம். அதற்கு "டிராப்ட்" என்று பெயர். கால்பந்து கோஷ்டிகள் புதிய ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் திருவிழா அது. "இந்த வாலிபன் வந்துவிட்டான், இனி நமக்கு நல்ல காலம்தான்" என்று ஒவ்வொரு ரசிகரும் நம்பும் நாள் அது.

அந்த நம்பிக்கை பலிக்குமா? "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கால்பந்து விஷயத்தில் அந்தப் பழமொழி எவ்வளவு தூரம் செல்லும்?

காலால் ஆடாத கால்பந்து

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது வேறு. மற்ற நாடுகளில் ஆடும் கால்பந்து வேறு.

அமெரிக்கப் பந்து, முட்டை போல நீண்டு இருக்கும். அதைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், கையால் எறிவார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். தலையில் இரும்புத்தொப்பி போன்ற கவசம் உண்டு. எதிரியை முட்டித் தள்ளிக்கொண்டு முன்னேற வேண்டும்.

பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவருக்கு "குவார்ட்டர்பேக்" என்று பெயர். அவர்தான் கோஷ்டியின் மூளை. ஓடிப்போய் அந்தப் பந்தைப் பிடிக்கிறவர் "ரிசீவர்".

நாடு முழுவதும் 32 கோஷ்டிகள் இருக்கின்றன. இந்தச் சங்கத்துக்கு "என்.எப்.எல்." என்று பெயர். கடைசிப் பந்தயம் "சூப்பர் பவுல்". அதில் ஜெயிப்பவரே அந்த ஆண்டின் ராஜா.

தோற்றவனுக்கு முதல் பந்தி

கல்லூரிகளில் ஆடும் வாலிபர்களை இந்தக் கோஷ்டிகள் எப்படி எடுக்கின்றன?

கிரிக்கெட்டில் ஆட்டக்காரர்களை ஏலம் விடுகிறார்களே, அது போன்றது அல்ல இது. பணம் அதிகம் வைத்திருப்பவர் நல்ல ஆளைத் தூக்கிச் செல்ல முடியாது.

போன ஆண்டு யார் மிகவும் மோசமாகத் தோற்றார்களோ, அவர்களுக்குத்தான் முதல் உரிமை. அவர்கள் விரும்பிய வாலிபரை முதலில் எடுத்துக்கொள்ளலாம். கோப்பையை வென்ற கோஷ்டி கடைசியில்தான் எடுக்க வேண்டும். இப்படி 7 சுற்றுகள் நடக்கும்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர், பிலடெல்பியா கோஷ்டியின் முதலாளியாக இருந்த பெர்ட் பெல். பணக்கார கோஷ்டிகளே நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனதை அவர் பார்த்தார். அவருடைய யோசனையை மற்ற முதலாளிகள் 1935-ல் ஏற்றார்கள். 1936-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந்தேதி, பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் முதல் டிராப்ட் நடந்தது.

முதல் பெயர் யாருடையது? ஜே பெர்வாங்கர். சிகாகோ பல்கலைக்கழக மாணவர். 1935-ம் ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று பரிசு பெற்றவர்.

அவர் என்ன ஆனார்? என்.எப்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை! சம்பளப் பேச்சு ஒத்து வரவில்லை. "ஆட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்" என்று வேறு வேலைக்குப் போய்விட்டார்.

எடுத்த எடுப்பிலேயே ஏமாற்றம்! அன்று தொடங்கிய வேடிக்கை இன்னும் முடியவில்லை.

கண்ணீர் நகரம்

டெட்ராய்ட் நகரத்தின் கோஷ்டிக்கு "லயன்ஸ்" என்று பெயர். பெயர்தான் சிங்கம். பல ஆண்டுகள் அது பூனையாகத்தான் இருந்தது.

அது கடைசியாகச் சாம்பியன் பட்டம் பெற்றது 1957-ல். அப்போது 10 வயதுப் பையனாக இருந்தவருக்கு 2025-ல் 78 வயது. பேரன் பேத்தி எடுத்திருப்பார். ஆனால் லயன்ஸ் சூப்பர் பவுலில் ஆடியதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்தது இல்லை.

2008-ம் ஆண்டில் லயன்ஸ் 16 பந்தயங்கள் ஆடியது. பதினாறிலும் தோல்வி!

டெட்ராய்ட், கார் செய்யும் ஊர். அதே ஆண்டில் கார் தொழிலும் ஆட்டம் கண்டது. ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் ஆகிய பெரிய கம்பெனிகள் 2009-ல் திவால் மனு கொடுத்தன. 2013-ல் நகரசபையே திவால் மனு கொடுத்தது.

வாரம் முழுவதும் கவலை. ஞாயிற்றுக்கிழமை பந்தயம் பார்க்கப் போனால் அங்கும் தோல்வி. அந்த ஊர் ரசிகர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

அவர்களுக்கு மிச்சம் இருந்தது ஏப்ரல் மாதத்து டிராப்ட் ஒன்றுதான். தோற்றுக்கொண்டே இருந்ததால், நல்ல வாலிபரை முதலில் எடுக்கும் வாய்ப்பு மட்டும் கிடைத்துக்கொண்டே இருந்தது!

அதை என்ன செய்தார்கள்?

ஒரே கடையில் ஒரே சாமான்

2003-ல் முதல் சுற்றில் ஒரு ரிசீவரை எடுத்தார்கள். 2004-ல் முதல் சுற்றில் மறுபடியும் ஒரு ரிசீவர். 2005-ல்? அதே சுற்றில் அதே ரிசீவர்தான்!

வீட்டில் அரிசி இல்லை, பருப்பு இல்லை. சந்தைக்குப் போனவர் மூன்று தடவையும் ஊறுகாய் வாங்கி வந்தால் எப்படி இருக்கும்?

2003-ல் எடுத்தவருக்கு முதல் ஆண்டில் காறை எலும்பு முறிந்தது. இரண்டாம் ஆண்டிலும் அதே எலும்பு முறிவு. மொத்தம் 15 ஆட்டங்களோடு அவருடைய ஆட்ட வாழ்க்கையே முடிந்தது. எலும்பு முறிந்தது அவர் குற்றமா? இல்லை. அவர் தலைவிதி.

2005-ல் 10-வது ஆளாக ஒரு ரிசீவரை லயன்ஸ் எடுத்தது. அவர் டெட்ராய்ட்டில் 2 ஆண்டுகளே நிலைத்தார். 11-வது ஆளாக டல்லாஸ் கோஷ்டி எடுத்தவர், டிமார்கஸ் வேர். எதிரியின் குவார்ட்டர்பேக்கை ஓட ஓட விரட்டியவர். 2023-ல் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

அதே ஆண்டில் 24-வது இடம் வரை ஒருவர் காத்துக் கிடந்தார். கடைசியில் பக்கத்து எதிரியான கிரீன்பே கோஷ்டி அவரை எடுத்தது. அவர்தான் ஆரன் ராட்ஜர்ஸ் என்ற பிரபல குவார்ட்டர்பேக். பிறகு பல ஆண்டுகள் லயன்ஸ் ரசிகர்களை அழ வைத்தவர் அவரே!

2007-ல் மறுபடியும் ஒரு ரிசீவர். இந்தத் தடவை குறி தப்பவில்லை. கால்வின் ஜான்சன் என்ற மாவீரர் கிடைத்தார். 2012-ல் ஒரே சீசனில் 1,964 கெஜம் பந்தைப் பிடித்துச் சாதனை செய்தார். 2021-ல் அவரும் புகழ் மண்டபம் ஏறினார்.

ஆனால் பலன் என்ன? அவர் ஆடிய 9 ஆண்டுகளில் லயன்ஸ் இரண்டே தடவைதான் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. இரண்டு தடவையும் முதல் பந்தயத்திலேயே தோல்வி.

தப்பான ஆளை எடுத்தாலும் தோல்வி. சரியான ஆளை எடுத்தாலும் தோல்வி. அப்படியானால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது!

நிபுணர்களின் ஆரூடம்

ஆள் எடுப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது இல்லை. அதற்கென்று பெரிய பரீட்சையே நடக்கிறது.

ஆண்டுதோறும் டிராப்டுக்கு முன்னால் இண்டியானாபோலிஸ் நகரில் நூற்றுக்கணக்கான வாலிபர்களை வரவழைக்கிறார்கள். உயரம் அளக்கிறார்கள். எடை போடுகிறார்கள். உள்ளங்கையைக்கூட அளக்கிறார்கள்! 40 கெஜ தூரத்தை எத்தனை வினாடியில் ஓடுகிறார்கள் என்று கடிகாரம் வைத்துப் பார்க்கிறார்கள். டாக்டர்கள் பரிசோதிக்கிறார்கள். பேட்டி காண்கிறார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு கணிப்பு பலிக்கிறதா?

கேட் மாஸே, ரிச்சர்ட் தேலர் என்ற 2 ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தேலர், 2017-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.

ஒரே இடத்தில் ஆடும் 2 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முதலில் எடுக்கப்பட்டவர். மற்றவர் அவருக்கு அடுத்தபடியாக எடுக்கப்பட்டவர். முதலில் எடுக்கப்பட்டவர் மற்றவரைவிட நன்றாக விளங்குவது 100-க்கு எத்தனை தடவை?

90 இருக்குமா? 80 இருக்குமா? அவர்கள் கண்ட விடை, 52!

பூவா தலையா போட்டுப் பார்த்தாலே 50 கிடைக்கும். இத்தனை நிபுணர்கள், இத்தனை கருவிகள், இத்தனை செலவு. அத்தனையும் சேர்ந்து வாங்கித் தந்தது கூடுதலாக இரண்டு மார்க்!

முளையைப் பார்த்துப் பயிரைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

199-வது ஆள்

2000-ம் ஆண்டில் 198 பேரை எடுத்து முடித்த பிறகு, 199-வது ஆளாக ஒரு குவார்ட்டர்பேக்கை நியூ இங்கிலாந்து கோஷ்டி எடுத்தது. அவருக்கு முன்னால் வேறு 6 குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டுவிட்டார்கள்.

அந்த 199-வது ஆள்தான் டாம் பிராடி. 7 சூப்பர் பவுல் வென்றவர். அவ்வளவு வென்றவர் வேறு யாரும் இல்லை!

இன்னொரு கதை. 2021-ல் சான் பிரான்சிஸ்கோ கோஷ்டி ஒரு வாலிப குவார்ட்டர்பேக் மீது கண் வைத்தது. மூன்றாவது ஆளாக அவரை எடுப்பதற்காக, 3 ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளை வேறு கோஷ்டிக்குக் கொடுத்தது.

அந்த வாலிபர் அங்கே 2 ஆண்டுதான் இருந்தார். காலில் அடிபட்டது. 2023 ஆகஸ்டில், ஒரே ஒரு நான்காம் சுற்று உரிமைக்கு அவரை வேறு கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கோஷ்டி மூழ்கியதா? மூழ்கவில்லை! 2022-ல் அவர்கள் 262-வது ஆளாக, எல்லோருக்கும் கடைசியாக, பிராக் பர்டி என்ற ஒருவரை எடுத்து வைத்திருந்தார்கள். கடைசி ஆளை, "உபயோகம் இல்லாதவர்" என்று கேலிப் பட்டம் கொடுத்து அழைப்பது அங்கே வழக்கம். அந்த உபயோகம் இல்லாதவர்தான் 2024 பிப்ரவரியில் கோஷ்டியை சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார்!

பொன்னைக் கொட்டி வாங்கியது கைவிட்டது. கொசுறாக வந்தது காப்பாற்றியது.

ஒரு விதையா? ஒரு மூட்டையா?

எந்த முளை பயிராகும் என்று தெரியாதபோது, புத்திசாலி விவசாயி என்ன செய்வான்? ஒரே ஒரு விதையை ஊன்றிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பானா? நிறைய விதைப்பான்.

கால்பந்துக்கும் அதுதான் யுக்தி. முன்வரிசை உரிமை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் இரண்டு மூன்று உரிமைகளை வாங்கிக்கொள்ளலாம். வாய்ப்பு பெருகும்.

இதில் பணக் கணக்கும் இருக்கிறது. ஒவ்வொரு கோஷ்டியும் மொத்தச் சம்பளமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று சட்டம் உண்டு. 2024-ல் அந்த உச்சவரம்பு 25 கோடியே 54 லட்சம் டாலர். பெயர் பெற்ற ஆட்டக்காரர்களை மட்டுமே வைத்துக்கொண்டால் பெட்டி காலியாகிவிடும். டிராப்டில் வரும் வாலிபருக்கோ 4 ஆண்டுகளுக்கு, வரிசைப்படி வரையறுத்த சம்பளம்தான். நல்ல வாலிபர்கள் 4 பேர் கிடைத்தால் அந்தக் கோஷ்டிக்கு யோகம்!

1999-ல் நியூ ஆர்லியன்ஸ் கோஷ்டி இதற்கு நேர்மாறாகச் செய்தது. ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ஒரு ஆட்டக்காரருக்காக, அந்த ஆண்டில் தன்னிடம் இருந்த உரிமைகள் அனைத்தையும் கொடுத்தது. போதாததற்கு அடுத்த ஆண்டின் முதல் சுற்று, மூன்றாம் சுற்று உரிமைகளையும் கொடுத்தது!

முடிவு? அந்த சீசனில் 3 வெற்றி, 13 தோல்வி. பயிற்சியாளருக்குக் கல்தா!

வில்லியம்ஸ் மோசமான ஆட்டக்காரர் அல்ல. பின்னால் பெரிய பெயர் எடுத்தார். ஆனால் 11 பேர் தூக்க வேண்டிய தேரை ஒருவர் தூக்க முடியுமா?

மண் மாறியது, மரம் காய்த்தது

இனி டெட்ராய்ட்டுக்குத் திரும்பலாம்.

2009-ல் முதல் ஆளாக மாத்யூ ஸ்டாபோர்டு என்ற குவார்ட்டர்பேக்கை லயன்ஸ் எடுத்தது. நல்ல கைவரிசை உள்ளவர். 12 ஆண்டுகள் பாடுபட்டார். இறுதிச் சுற்றுப் பந்தயம் ஒன்றில்கூட ஜெயிக்க முடியவில்லை.

2021-ல் பிராட் ஹோம்ஸ் என்பவர் லயன்ஸ் பொது மானேஜராக வந்தார். ஸ்டாபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் கோஷ்டிக்குக் கொடுத்தார். பதிலுக்கு ஜாரெட் காப் என்ற குவார்ட்டர்பேக்கும், முதல் சுற்று உரிமைகள் இரண்டும், மூன்றாம் சுற்று உரிமை ஒன்றும் கிடைத்தன.

ஸ்டாபோர்டு லாஸ் ஏஞ்சலஸ் போன முதல் சீசனிலேயே சூப்பர் பவுல் வென்றார்! 12 ஆண்டுகள் காய்க்காத மரம், இடம் மாற்றி நட்டதும் காய்த்துக் குலுங்கியது.

இங்கே வந்த காப் கதை என்ன? 2016-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர். லாஸ் ஏஞ்சலஸ் "போதும்" என்று தள்ளிவிட்டது. ஆனால் டெட்ராய்ட்டில் அவரும் தழைத்தார்.

இரண்டு பேரும் அதே ஆட்களே! மாறியது மண்தான். நல்ல பயிற்சியாளர், முன்னால் நின்று காப்பாற்றும் பலசாலிகள், பந்தைப் பிடிக்கும் கைகள். இவை இருந்தால் வாலிபன் வளர்வான். இல்லாவிட்டால் வாடுவான். கால்வின் ஜான்சன் காலத்தில் இருந்த கோளாறு இதுதான்.

ஆகவே, புதிய தலைமை அஸ்திவாரத்தில் கை வைத்தது. 2021-ல் எடுத்த முதல் ஆள், சாதாரணமாகப் பந்தைத் தொடாத ஒருவர்! அமெரிக்க சமோவாவில் பிறந்த பெனே சூவல். எதிரிகளைத் தடுத்து நிறுத்துவதே அவர் வேலை. ரசிகர்கள் கைதட்டும் வேலை அல்ல. வீட்டுக்குச் சுவர் போன்ற வேலை.

அதே ஆண்டில் நான்காம் சுற்றில், 112-வது ஆளாக அமான்ரா செயின்ட் பிரவுன் வந்தார். அவருக்கு முன்னால் 16 ரிசீவர்கள் எடுக்கப்பட்டார்கள். அந்த 16 பேரின் பெயர்களையும் அவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்! "என்னை விட்டுவிட்டு இவர்களை எடுத்தீர்களா?" என்ற ரோஷம்.

ரோஷத்தை அளக்க இண்டியானாபோலிசில் கருவி இல்லை. 2024 ஏப்ரலில் அவருக்கு 4 ஆண்டுகளுக்கு 12 கோடி டாலர் அளவில் புதிய ஒப்பந்தம் கிடைத்தது!

2023-ல், ஸ்டாபோர்டு மூலம் வந்த 6-வது இடத்து உரிமை கையில் இருந்தது. அதையும் ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் அரிசோனாவுக்குக் கொடுத்து, 12-வது இடம், 34-வது இடம் ஆகியவற்றோடு இன்னொரு பின்வரிசை உரிமையையும் வாங்கினார்கள். 12-ல் ஜாமிர் கிப்ஸ் வந்தார். 34-ல் சாம் லபோர்ட்டா வந்தார். "இவ்வளவு சீக்கிரம் கிப்ஸை எடுக்கலாமா?" என்று நிபுணர்கள் மார்க்கைக் குறைத்தார்கள். முதல் சீசனிலேயே இருவரும் முன்னணிக்கு வந்துவிட்டார்கள்.

32 ஆண்டு தாகம்

பலன் உடனே வந்ததா? இல்லை.

2021-ல் 3 வெற்றி, 13 தோல்வி, ஒரு டிரா. 2022-ல் முதல் 7 பந்தயங்களில் ஒரே ஒரு வெற்றி. "பயிற்சியாளரை விரட்டு" என்று குரல் எழுந்தது. தலைமை அசையவில்லை. பயிற்சியாளர் டான் கேம்பலைக் கைவிடவில்லை. அந்த சீசனையே 9 வெற்றி, 8 தோல்வி என்று முடித்தார்கள்.

2023-ல் 12 வெற்றி. 30 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கள் பிரிவில் முதல் இடம்!

2024 ஜனவரி 14-ந்தேதி இறுதிச் சுற்றுப் பந்தயம். எதிரி யார் தெரியுமா? லாஸ் ஏஞ்சலஸ். எதிரியின் குவார்ட்டர்பேக், பழைய ஸ்டாபோர்டு! லயன்ஸ் 24-23 என்ற கணக்கில், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. 32 ஆண்டுகளுக்குப் பிறகு இறுதிச் சுற்றுகளில் கிடைத்த முதல் வெற்றி. ரசிகர்கள் ஆனந்தக் கண்ணீர் வடித்தார்கள்.

2024 சீசனில் 15 வெற்றி, 2 தோல்வி. "இனி கோப்பைதான்" என்று நினைத்தார்கள். ஆனால் அக்டோபரில் எய்டன் ஹட்சின்சன் என்ற தடுப்பு வீரருக்குக் கால் எலும்பு முறிந்தது. இன்னும் பலருக்கும் காயம். 2025 ஜனவரியில் வாஷிங்டனிடம் தோல்வி. அடுத்த சீசனில் 9 வெற்றி, 8 தோல்வி. இறுதிச் சுற்றுகளுக்கே போகவில்லை.

பயிர் வளர்ந்தாலும் புயல் அடிக்கலாம்! அதற்கும் சேர்த்துத்தான் விதை நிறைய வேண்டும் என்பது.

இனிதான் சோதனை

டெட்ராய்ட்டுக்கு உண்மையான சோதனை இப்போதுதான்.

பழைய வாலிபர்கள் பெரிய ஆட்டக்காரர்கள் ஆகிவிட்டார்கள். சம்பளமும் ஏறிவிட்டது. காப் ஒருவருக்கே 4 ஆண்டுகளுக்கு 21 கோடியே 20 லட்சம் டாலர். சூவலுக்கு 11 கோடியே 20 லட்சம் டாலர். இனி அவர்களுக்குப் பக்கத்தில் நிற்க, குறைந்த சம்பள வாலிபர்கள் முன்னைவிட அதிகமாகத் தேவை.

இந்த நேரத்தில்தான் ஆசை கண்ணை மறைக்கும். "இன்னும் ஒரே ஒரு ஆள் வந்தால் கோப்பை நிச்சயம்" என்று தோன்றும். அந்த ஒரே ஒரு ஆளுக்காகக் கையில் உள்ளதை எல்லாம் கொடுக்கத் தோன்றும்.

2025 டிராப்டில் அதன் சாயல் கொஞ்சம் தெரிந்தது. 70-வது இடத்தில் ஒரு ரிசீவரை எடுப்பதற்காக, 2026-ம் ஆண்டின் மூன்றாம் சுற்று உரிமைகள் இரண்டை லயன்ஸ் கொடுத்தது. அந்த வாலிபர் சிறந்து விளங்கலாம், விளங்கட்டும். ஆனால் இது வழக்கமாகிவிட்டால், வந்த வழியை மறந்தவர்கள் ஆவார்கள். செயின்ட் பிரவுன் வந்தது நான்காம் சுற்றில் என்பதை டெட்ராய்ட் மறக்கலாமா?

ரசிகர் செய்ய வேண்டியது

ரசிகருக்கும் இதில் பங்கு உண்டு.

டிராப்ட் முடிந்த மறுநாளே பத்திரிகைகள் மார்க் போடுகின்றன. "இந்தக் கோஷ்டி பாஸ்; அந்தக் கோஷ்டி பெயில்" என்கின்றன. நாற்று நட்ட மறுநாள் நெல்லை அளக்க முடியுமா? ஒரு வாலிபரின் தரம் தெரிய 3 ஆண்டுகளாவது வேண்டும்.

மேடையில் பெயர் படிக்கப்படுகிறவருக்கு 21 வயது, 22 வயது. பல வீடுகளில் தாய்மார்கள் மகனைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அவர் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை அவர் தீர்மானிப்பது இல்லை. சீட்டுத்தான் தீர்மானிக்கிறது. அந்தப் பிள்ளையின் தலையில், ஒரு நகரத்தின் 60 ஆண்டுக் கவலையையும் ஏற்றிவைப்பது நியாயமா?

"இவன்தான் ரட்சகன்" என்று தூக்கிவைப்பதும் தப்பு. ஒரு பந்தயத்தில் தவறினால் "இவன் தண்டம்" என்று தூற்றுவதும் தப்பு.

கோஷ்டிகள் நிறைய விதைக்கட்டும். மண்ணைப் பண்படுத்தட்டும். ரசிகர் பொறுத்திருக்கட்டும். கோப்பைக்கு இதைவிடக் குறுக்குவழி இருப்பதாக டெட்ராய்ட்டின் சரித்திரம் சொல்லவில்லை.

1957-ல் பத்து வயதுப் பையனாக இருந்த அந்தத் தாத்தா, ஏப்ரல் மாதம் வந்தால் பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பெயர் படிப்பதைக் கேட்பார். முதல் சுற்றோடு டெலிவிஷனை நிறுத்திவிட்டுத் தூங்கப் போக வேண்டாம்.

நான்காம் சுற்றையும் கேட்கட்டும்!